சொ. முருகப்பாவும் மரகதவல்லி அம்மையாரும்



காரைக்குடிச் செக்காலையில் அண்மையில் ஒரு மாலைக் கூட்டம். நம்மூர் எழுத்தாளர் சொ. முருகப்பாவின் நினைவாகச் சொற்பொழிவாற்ற என்னை அழைத்திருந்தார்கள். 1917ஆம் ஆண்டு காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவர் ஒருவர்; 'தன வைசிய ஊழியன்', 'குமரன்' ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியர். 1919இல் பாரதியார் அச்சங்கத்துக்கு வந்த கதையை ஊரார் நன்கறிவர். ஆகவே நான் வேறொன்றைப் பேசினேன்.

முருகப்பா, கைம்பெண்ணாயிருந்த மரகதவல்லி அம்மையாரை மணந்தார். 1936இல் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்ற பத்திரிகை வெளிவந்தது. அதன் ஆசிரியர் அம்மையாரே.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, விதவை மறுமணம் 1856லேயே சட்டமாகிவிட்டதே! எண்பது ஆண்டு கழித்து அதற்கென்று ஒரு பத்திரிகை எதற்கு?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. 'விதவை மறுமணச் சட்டம் எந்த ஆண்டு?' என்று வினாத்தாளில் கேட்டு, 1856 என்று எழுதியவர்க்கெல்லாம் ஒரு மதிப்பெண் போட்டு வந்தவன் நான். அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பற்றி ஒரு வகுப்பிலேனும் சொன்னதில்லை.

முதற் பிரிவு, கைம்பெண்ணின் மறுமணம் செல்லும் என்றது; பிறக்கும் குழந்தைகள் முறையான வாரிசுகளே என்றது. இரண்டாம் பிரிவோ, மறுமணம் செய்துகொண்டவளுக்கு இறந்த கணவனின் சொத்தில் இருந்த ஜீவனாம்ச உரிமையும் வாரிசுரிமையும் அன்றே அற்றுப்போகும் என்றது. அவளும் அன்றே இறந்துவிட்டாள் என்று கொண்டு, அச்சொத்து கணவனின் அடுத்த வாரிசுகளைச் சேரும். முதற் கணவனின் குழந்தைகளுக்கு வேறு பாதுகாவலரை நியமிக்குமாறு அவனுடைய உறவினர் நீதிமன்றத்தை நாடவும் மூன்றாம் பிரிவு வழி வைத்தது. ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது!

கொண்டுவிற்கக் கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஆண்மக்களின் ஊர் இது. வளவும் இரண்டாம் கட்டுமாக விரிந்த வீடுகளில் சொத்து எத்தகையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஓர் இளங்கைம்பெண் மறுமணம் வேண்டினால் ஊரின் ஏச்சை மட்டுமா தாங்க வேண்டும்? சோற்றுக்கும் வழி தேட வேண்டும். சட்டம் அனுமதி தந்தது, துணை தரவில்லை. அந்த இடத்தில்தான் பத்திரிகைக்கு வேலை இருந்தது. மறுமணத்தைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்குவோர் இன்றும் உளர். சோறும் சொத்தும் பிள்ளையும் பறிபோகும் என்றால் அது குடியுரிமை விவகாரமே என்பது என் கட்சி.

1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்தது. ஆயுள்வரை அனுபவிக்கலாம், அவ்வளவே. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அவளை முழு உரிமையாளராக்கியது. 1856ஆம் ஆண்டுச் சட்டமோ ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 1983இல்தான். நான் மாணவனாயிருந்த காலத்திலும் அது உயிரோடு இருந்திருக்கிறது!

இவ்வளவும் கேட்டபின் அந்தப் பெண் கூட்டத்தின் அழைப்பிதழைக் காட்டி, "இதில் அம்மையார் பெயர் இல்லையே, ஐயா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். முருகப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. என் பெயரும், பட்டங்களோடு, இருந்தது. அமைப்பாளரிடம் அதைக் கொடுத்து, அடுத்த ஆண்டு இரு பெயரையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொண்டேன். என் பெயருக்குக் கீழே சிறிது இடம் இருந்தது. அங்கே போடலாம் என்றார் அவர். மேலே போடுங்கள் என்றேன்.