முதுமைக்குச் சேர்த்த பணம் யாருக்கு?

உழைக்கும் காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, உடல் தளரும் காலத்தில் அதனைக் கொண்டு சீவிக்க விரும்புவது எந்நாட்டு மக்களுக்கும் இயல்பு. ஆயின், சேர்ப்பதற்குப் பொறுமை போதும். சேர்த்ததைச் சேதமின்றி எடுக்கவும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கவும் விழிப்பும் வேண்டும். அவ்விழிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரிச் சட்டங்கள் தக்க சான்றாகும். எம்மவர் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் உத்தியோகம் பார்த்து வருதலின், இவ்விடயத்தை நாம் சிறிது அறிந்து வைத்தல் நன்று.

அங்கு முதுமைக்கெனப் பணம் சேர்க்கும் வழிகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றிய தனிநபர் ஓய்வுக் கணக்கு. மற்றையது, 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகத் தொழில் நிலையங்களிற் பரவிய '401 கே' என்னும் சேமிப்புத் திட்டம். இவற்றின் வழமையான முறையில், சம்பளத்திலிருந்து இடும் பணத்துக்கு அவ்வாண்டில் வருமான வரி இல்லை. அரசாங்கம் அவ்வரியை மன்னித்து விட்டதென எவரும் எண்ணலாகாது. தள்ளி வைத்திருக்கின்றது, அவ்வளவே. பணத்தை வெளியே எடுக்கும் ஆண்டில் அது வருமானமாகக் கணிக்கப்பட்டு வரி அறவிடப்படும்.

எடுப்பதற்கும் காலம் உண்டு. 59½ வயதுக்கு முன் எடுப்பவர், வரியோடு நூற்றுக்கு 10 வீதம் தண்டமும் இறுத்தல் வேண்டும். ஊனம் முதலிய சில காரணங்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. எடுக்காமலே வைத்திருக்கவும் இயலாது. 2023 ஆம் ஆண்டு தொடக்கம், 73 வயதை அடைவோர் ஆண்டுதோறும் குறித்த ஒரு தொகையையேனும் எடுத்தாக வேண்டும். 1960 இலும் அதன் பின்னரும் பிறந்தோர்க்கு அவ்வயது 75 ஆகும். தவறினால், எடுக்காது விட்ட தொகையில் 25 வீதம் தண்டம். உரிய காலத்துள் திருத்திக்கொண்டால் அது 10 வீதமாகக் குறையும்.

தொழில் மாறும்போது நேரும் சங்கடம் இன்னொன்று. ஒருவருடைய திட்டத்தில் 100,000 டொலர் இருப்பதாகக் கொள்வோம். பழைய திட்டத்திலிருந்து புதிய கணக்குக்கு அதனை நேரே அனுப்பச் செய்தால் ஒரு சதமும் குறையாது. அவர் தம் பெயருக்குக் காசோலை பெற்றுக்கொண்டாலோ, வரிக்கென 20 வீதம் பிடிக்கப்பட்டு 80,000 டொலரே கைக்கு வரும். 60 நாட்களுக்குள் 100,000 டொலரையும் புதிய கணக்கில் இட்டால் மாத்திரமே அது முழுமையான மாற்றமாகக் கொள்ளப்படும். பிடிக்கப்பட்ட 20,000 டொலரை வேறெங்கேனும் தேடி இட்டால், பிடித்த பணம் ஆண்டிறுதி வரிக் கணக்கில் அவருக்கு வரவு வைக்கப்படும். இடாவிட்டால் அந்த 20,000 டொலரும் அவர் எடுத்துச் செலவிட்ட பணமாகி, வரிக்கும், வயது போதாதாயின் தண்டத்துக்கும் உள்ளாகும். பணம் ஒன்றே, அது சென்ற வழியே வேறு.

கணக்குக்குரியவர் இறந்துவிட்டால் என்ன நிகழும்? கணவனோ மனைவியோ அப்பணத்தைத் தமது சொந்தக் கணக்காகவே மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை. தந்தையின் பணத்தைக் காசோலையாகப் பெற்ற மகன், 60 நாட்களுக்குள் திருப்பி இட்டு வரியினின்றும் தப்ப முடியாது. தந்தையின் பெயரையும் காட்டும் மரபுரிமைக் கணக்கொன்றுக்கு அதனை நேரே மாற்றுவித்தல் வேண்டும். 2020 ஆம் ஆண்டு முதல் நிகழும் மரணங்களில், வயது வந்த பிள்ளைகள் பெரும்பாலும் பத்தாம் ஆண்டின் முடிவுக்குள் முழுவதையும் எடுத்தாக வேண்டும். முன்னர் அதனைத் தம் ஆயுட்காலத்துக்குப் பரப்பி எடுக்க இடமிருந்தது. இப்பொழுதும், 300,000 டொலரை ஒரே ஆண்டில் எடுப்பவர் உயர்ந்த வரி வீதத்தில் அகப்படுவார். பத்தாண்டுகளுக்குப் பகிர்ந்து எடுப்பவர் வரியிற் பெரும் பகுதியை மிச்சம் பிடிப்பார். மரணத்தின்பின் பெறும் இப்பணத்துக்கு 10 வீதத் தண்டம் இல்லை என்பது ஆறுதலான செய்தி.

இவை யாவற்றிலும் மேலானது, கணக்குப் பத்திரத்தில் உரித்தாளியாக எழுதப்பட்டுள்ள பெயர். மரணசாசனத்தில் வேறு விதமாக எழுதியிருப்பினும், பொதுவாகக் கணக்குப் பத்திரமே வெல்லும். அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் 2009 ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பொன்று இதனை உணர்த்தும். டூபாண்ட் நிறுவனத்து ஊழியர் ஒருவர் 1974 இல் தம் மனைவியின் பெயரைச் சேமிப்புத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தார். 1994 இல் விவாகரத்து நிகழ்ந்தது. அப்பணத்தில் தமக்குரிய பாத்தியதையை மனைவி அப்பொழுது துறந்தார். ஆனால் கணவர் பத்திரத்தை மாற்றவில்லை. 2001 இல் அவர் காலமானபோது, ஏறக்குறைய 400,000 டொலர் முன்னாள் மனைவிக்கே கொடுக்கப்பட்டது. மகள் வழக்காடினார். திட்டத்தின் பத்திரங்களிற் கண்டபடி பணத்தைக் கொடுத்தது சரியே என்று நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்த்தனர். ஒரு தாளில் ஒரு பெயரை மாற்றச் சில நிமிடங்களே வேண்டியிருந்தன. ஏழாண்டுகள் இருந்தும் அது செய்யப்படவில்லை.

எமது நாட்டிலும் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியில், அங்கத்தவர் தமக்குப்பின் பணம் பெறவேண்டியவரைப் பெயர் குறித்து நியமிக்கலாம். வரி விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். பத்திரத்திற் பெயரெழுதும் கடமையோ எங்கும் ஒன்றே. விவாகம், பிள்ளைப் பேறு, பிரிவு, மரணம் என்று குடும்பத்தில் எம்மாற்றம் நேரினும், அப்பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது பெற்றோரின் பொறுப்பாகும். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும்போதும் இதனை நினைவூட்டுவது நன்மை பயக்கும்.