பழைய ஜாவாவைப் பழுது பார்த்தல்

மைசூர் நகரை அடுத்த ஹெப்பாள் தொழிற்பேட்டையிலும் அங்குள்ள கணிப்பொறி நிறுவனங்களிலும் தமிழர் பலர் பணியாற்றி வருகின்றனர். அவர்களுள் இயந்திர ஈடுபாடு உடையவர்கள், தெருவில் செல்லும் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளைக் கண்டு, "இதுபோல் ஒன்று நமக்கும் வேண்டும்" என்று ஆசைப்படுவது இயல்பே. அவ்வண்டி பிறந்த யாதவகிரி அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஒரு காலத்தில் நம் சோழவரம் விமானத் தளத்தில் நடைபெற்ற பந்தயங்களிலும் இவ்வண்டிகள் ஓடின. ஆசைப்பட்டு வாங்கியபின் எதை முதலில் செய்வது, எதைச் செய்யாதிருப்பது என்பதைப் புதியவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாவா என்னும் பெயர், யானெச்செக், வாண்டரர் என்ற இரு பெயர்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு 1929-ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாகியாவில் அமைக்கப்பட்டது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் இவ்வண்டிகளைச் செய்தது. பிற்காலத்தில் யெஸ்டி என்ற பெயரில் அவை வெளிவந்தன. அத்தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. 2018-இல் வேறொரு நிறுவனம் ஜாவா என்னும் பெயரை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தது. ஆனால் அதன் எஞ்சின் நான்கு வீச்சு எஞ்சின். பழையதோ இரண்டு வீச்சு எஞ்சின். ஆகவே புதியதன் எஞ்சின் பாகங்கள் பழையதற்குப் பொருந்தா. இன்று உங்களிடமுள்ள பழைய பாகம் ஒன்று கெட்டால், அதே பாகத்தை மீண்டும் வார்த்துத் தர அந்தத் தொழிற்சாலை இல்லை. இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டால், மற்ற அறிவுரைகள் யாவும் தாமே விளங்கும்.

பழுது பார்ப்பது வேறு, மாற்றியமைப்பது வேறு. கெட்டதை முன்பிருந்த நிலைக்குக் கொணர்வது முன்னது. இல்லாத ஒன்றைப் புகுத்துவது பின்னது. புதியவர்கள் பெரும்பாலும் பின்னதிலேயே தொடங்குகின்றனர். வண்டி வேகமாக ஓடவில்லை என்பதற்காக எஞ்சினைக் குடைந்து வேகம் சேர்க்க முயல்கின்றனர். உண்மையில் அவ்வண்டி தன் பழைய வேகத்தையே இழந்திருக்கிறது. இழந்ததை மீட்டாலே பெரும்பாலோர் மனம் நிறைவடையும்.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் அன்று, பிரேக். ஓடாத வண்டி எவரையும் கொல்லாது. நில்லாத வண்டி கொல்லும். இரு சக்கரங்களிலும் உள்ள டிரம்மைத் திறந்து, பிரேக் கட்டைகளின் தேய்மானத்தையும் கம்பிகளின் இழைகளையும் பாருங்கள். பழைய கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். ஆதலால் தூசியை ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் துடையுங்கள். ரப்பர் வெடித்த டயர்களை, அவற்றின் கட்டை தேயாமலிருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பெட்ரோல் செல்லும் வழி. நீண்ட நாள் நின்ற வண்டியின் டாங்கியில் துரு படிந்திருக்கும். அது இறங்கிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். டாங்கியைக் கழற்றித் தூய்மை செய்யுங்கள். அதில் ஓட்டை இருப்பின், காலியாகத்தானே உள்ளது என்று பற்றவைப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். எஞ்சிய ஆவி வெடித்துவிடும். அதனைத் தக்க முறையில் ஆவி நீக்கிய பின்னரே, அனுபவமுள்ளவர் தொட வேண்டும். இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அரிக்கும். ஆகவே குழாய்களைப் புதுப்பியுங்கள். வண்டி வாரக்கணக்கில் நிற்குமானால் டாங்கியை வடித்துவிடுங்கள்.

மூன்றாவது மின்சாரம். தொடக்ககால ஜாவாக்களில் 6 வோல்ட் டைனமோவும், பொறியைத் தூண்டும் பாயிண்ட் என்னும் தொடுமுனையும் உண்டு. வண்டி கிளம்பாதபோது முதலில் பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையெனில் பாயிண்ட்டின் முகத்தைத் துடைத்து, அதன் இடைவெளியைக் கையேட்டில் கண்டபடி அளவுத்தகட்டினால் சரிசெய்யுங்கள். எஞ்சினே கெட்டதென்று முடிவு கட்டப்பட்ட வண்டிகள் பல, இந்தச் சிறு வேலையால் உயிர் பெற்றதுண்டு.

இவை மூன்றும் செவ்வனே அமைந்த பின்னரே எஞ்சினைத் திறக்க வேண்டும். இரண்டு வீச்சு எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையே கலவையை உறிஞ்சித் தள்ளுகிறது. அவ்வறையின் எண்ணெய்த் தடுப்பு வளையம் கெட்டால், ஒருபுறம் வெளிக்காற்று புகுந்து எஞ்சின் சூடேறும்; மறுபுறம் கியர்ப் பெட்டியின் எண்ணெய் உள்ளே சென்று புகை பெருகும். புகையைக் கண்டவுடன் சிலிண்டரைக் கடையாதீர்கள். சில வளையங்களின் விலையில் முடிய வேண்டிய வேலை, சிலிண்டரின் ஆயுளைக் குறைப்பதில் முடியும். பெட்ரோலுடன் கலக்கும் எண்ணெயின் அளவையும் கையேட்டின்படியே வையுங்கள். குறைத்தால் பிஸ்டன் இறுகிவிடும்.

மாற்றியமைப்பதில் பலரைக் கவரும் செயல், சைலன்சரின் உட்குழாயை எடுத்துவிடுவது. ஓசை பெருகும், வேகம் பெருகாது. இரண்டு வீச்சு எஞ்சினில் புகைக்குழாய் வெறும் கழிவுவழி அன்று. அதிலிருந்து திரும்பும் அழுத்த அலை, புதுக்கலவை வெளியே ஓடாமல் ஓரளவு தடுக்கிறது. உட்குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்டி மீண்டும் பொருத்துவதே அறிவுடைமை. பொதுவாக, பழையதை மீண்டும் பொருத்த இடந்தரும் மாற்றம் எதையும் செய்யலாம்; சட்டத்தை அறுப்பது, சிலிண்டரின் துவாரங்களை அகலப்படுத்துவது போன்று மீளாத மாற்றம் எதையும் செய்யலாகாது. கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள்.

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரித்தவர் வகுத்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதிசெய்தது. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் விதிகள் வந்தன. எஞ்சினும் சட்டமும் பெரிதும் மாற்றப்படாத வண்டிக்கே அத்தகுதி உண்டு.

பிற மாநிலத்தில் வாழும் நாம் மேலும் ஒன்று கருத வேண்டும். ஊரிலுள்ள தந்தையாரின் வண்டியை மைசூருக்குக் கொணர்ந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதாயின், தமிழ்நாட்டில் தடையின்மைச் சான்று பெற்று, கர்நாடகத்தில் புதிய பதிவெண் வாங்க வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள். எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் சான்றுடன் ஒத்திராத வண்டியை, எவ்வளவு மலிவாயினும், வாங்காதீர்கள்.

ஜாவாவைப் பழகிய கைகள் மைசூரில் இன்னும் உண்டு. கன்னடம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டுவதில்லை. பிளக், பாயிண்ட், கிளட்ச் என்னும் சொற்கள் இரு மொழியினர்க்கும் பொதுவே. முதியவர் ஒருவர் வேலை செய்கையில் அருகிருந்து பாருங்கள், ஐயங்களைக் கேளுங்கள், செய்ததை நாளிட்டுக் குறித்து வையுங்கள். உங்களுக்குப் பின் அவ்வண்டியை ஓட்டுவோருக்கு அக்குறிப்பே கையேடாகும்.