அமைதிக்கும் பயிற்சி வேண்டும்

செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக அமைந்த ஊர் புதுப்பட்டினம். அதனை அடுத்த கல்பாக்கத்தில் அணுவின் ஆற்றல் மின்சாரமாகி விளக்கேற்றுகிறது. அதே ஆற்றல்தான் 1945ஆம் ஆண்டில் ஹிரோஷிமா, நாகசாகி என்னும் இரு நகரங்களைச் சாம்பலாக்கியது. ஆற்றல் ஒன்றே, அதனை ஆளும் மனிதர் உள்ளமே வேறு. அவ்வுள்ளத்தைப் பண்படுத்துவதே அமைதிக் கல்வி. அக்கல்விக்கு உழைத்த அயல்நாட்டு அறிஞர் ஒருவர், நம் தமிழகத்துக் கல்விக்கூடமொன்றில் ஆசிரியராய் அமர்ந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

ரிச்சர்டு கிரெக் 1885இல் அமெரிக்காவில் பிறந்தார். சட்டம் பயின்று, தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் பணியில் ஈடுபட்டார். 1922இல் அந்நாட்டு இரயில்வே பணிமனைத் தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது மூண்ட பகைமையும் வன்செயலும் அவர் உள்ளத்தை வருத்தின. 'பூசலைத் தீர்க்க வேறு வழி இல்லையோ?' என்று ஏங்கிய அவர், காந்தியடிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். உடனே அடிகளை நாடி, 1925இல் இந்தியாவுக்கு வந்தார்.

சபர்மதி ஆசிரமத்தில் அவர் நூல் நூற்றார். எளிய வாழ்வை மேற்கொண்டார். காந்தியடிகள் அவரைக் 'கோவிந்தன்' என்று அன்புடன் அழைத்தார். பின்னர் இமயமலைச் சாரலில் உள்ள கோட்கட் என்னும் ஊரில் கிராமப் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். தாயகம் திரும்பியபின், அகிம்சையின் ஆற்றலை விளக்கி 1934இல் ஒரு நூலை வெளியிட்டார்.

அந்நூலில் அவர் கூறும் விளக்கம் எண்ணத்தக்கது. மல்லன் ஒருவன் முழு வேகத்துடன் பாய்கிறான். எதிரி தன்னைத் தடுப்பான் என்பது அவன் எதிர்பார்ப்பு. எதிரியோ தடுக்காமல் விலகிக்கொண்டால், பாய்ந்தவன் தன் வேகத்தாலேயே நிலைதடுமாறுவான். அடிக்க வருபவனின் மனமும் இத்தகையதே. எதிரில் நிற்பவன் திருப்பி அடிப்பான், அல்லது அஞ்சி ஓடுவான் என்றே அவன் நம்புகிறான். இரண்டுமின்றி, அஞ்சாமலும் வெறுக்காமலும் ஒருவன் நின்றால், அடிப்பவன் உள்ளம் தடுமாறும்; சிந்திக்கத் தொடங்கும்.

ஆயினும், அவ்வாறு நிற்பது எளிதன்று. படைவீரன் ஒரே நாளில் உருவாவதில்லை. அவனுக்கு நாள்தோறும் பயிற்சி உண்டு. அமைதி வீரனுக்கு மட்டும் பயிற்சி வேண்டாவோ? சினம் வந்தபின் பொறுமையைத் தேடினால் அது கிட்டுமோ? வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டும். எனவே, சிறு குழுவினராய்க் கூடுதல், கைத்தொழில் செய்தல், சேர்ந்து பாடுதல், மௌனமாய்த் தியானித்தல் ஆகியவற்றைக் கிரெக் பயிற்சிகளாக வகுத்தார். சேர்ந்து உழைப்போரிடம் நம்பிக்கை வளரும். மௌனம் பழகியோர் தம் சினத்தைத் தாமே காண்பர்.

எழுபது வயதைக் கடந்த பின்னர், கிரெக் மீண்டும் இந்தியா வந்தார். திண்டுக்கல்லுக்கு அருகில், சின்னாளப்பட்டியை ஒட்டி, டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவியது காந்திகிராமம். 1950களின் பிற்பகுதியில் கிரெக் அங்கு ஆசிரியராய்ப் பணியாற்றினார். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் கிராமத் தொண்டும் பல சமயப் பிரார்த்தனையும் இணைந்த இடம் அது. மாணவர்க்கெனச் 'சாந்தி சேனை' என்னும் அமைதிப் படையும் அங்கு அமைந்தது. அக்கல்விக்கூடம் 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாணவராய் இந்தியா வந்தவர் ஆசிரியராய்த் திரும்பி வந்தமை, பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்தியது போன்றதன்றோ?

அவர் நூல் கடல் கடந்தும் பயன் தந்தது. 1955இல் அமெரிக்காவின் மாண்ட்கோமெரி நகரில் கறுப்பின மக்கள், நிறவேற்றுமையை எதிர்த்துப் பேருந்துகளைப் புறக்கணித்தனர். ஓராண்டுக்கு மேல் உறுதியாய் நின்று, வென்றனர். அவர்தம் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் அந்நூலைப் போற்றி, அதன் 1959ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை வழங்கினார்.

மாணவர்களே, அமைதிப் பயிற்சிக்குப் போர்க்களம் வேண்டுவதில்லை. விளையாட்டில் ஒருவன் உங்களைத் தள்ளிவிடும்போதும், தோழன் கடுஞ்சொல் கூறும்போதும், உயரும் கையை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். அக்கணமே அமைதிக் கல்வியின் முதற்பாடம்.