வெல்டிங் ஓரத்தில் ஒளிந்திருக்கும் விரிசல்

“வெல்டிங் பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது” என்று அப்பா அடிக்கடி சொல்வார். கப்பல் பட்டறையில் பல ஆண்டுகளாக வெல்டிங் செய்பவர் அவர். இயந்திரப் பொறியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் பொருள் எனக்குப் புரிந்தது.

எஃகுத் தகடுகளைப் பற்றவைக்கும்போது இணைப்பு 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகி உருகுகிறது. சிக்கல் பெரும்பாலும் அதன் ஓரத்தில், உருகாமல் கடும் வெப்பத்துக்கு உள்ளாகும் சில மில்லிமீட்டர் பகுதியில்தான். அங்கே எஃகின் படிகத் துகள்கள் பெரிதாகின்றன. தடித்த தகடு வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால், அந்தப் பகுதி சட்டென ஆறி ‘மார்டென்சைட்’ எனும் கடினமான அமைப்பாக மாறலாம்.

கடினம் வேறு, உடையாமல் தாங்கும் திறன் வேறு. கண்ணாடியும் கடினமானதுதான், தட்டினால் நொறுங்கிவிடும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜனும் சேர்ந்தால், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விழலாம்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1961ல் திறக்கப்பட்ட கிங் ஸ்திரீட் பாலம் இதற்கு உதாரணம். 1962 ஜூலை 10ஆம் தேதி, குளிரான காலையில், சுமார் 45 டன் வாகனம் சென்றபோது அதன் ஒரு பகுதி முறிந்து தொய்ந்தது. கீழே இருந்த கான்கிரீட் சுவர்கள் தாங்கிக்கொண்டதால் யாரும் இறக்கவில்லை. வெல்டிங் ஓரத்தில் ஏற்பட்ட விரிசல்கள் சோதனையில் கண்டுபிடிக்கப்படாமல் போனதும், குளிரில் அவை திடீரெனப் பரவியதும் விசாரணையில் தெரியவந்தன.

இதைத் தடுக்க வழி உண்டு. தகட்டை முன்கூட்டியே சூடாக்கினால் அது மெதுவாக ஆறும். ஹைட்ரஜன் வெளியேறவும் நேரம் கிடைக்கும். வெல்டிங் குச்சிகளை ஈரமின்றி வைத்திருப்பதும் முக்கியம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ‘சார்ப்பி’ சோதனை செய்தோம். சிறிய வெட்டு உள்ள எஃகுத் துண்டை ஊசல் சுத்தியல் ஒரே அடியில் அடிக்கும். முன்கூட்டியே சூடாக்கிய துண்டு வளைந்து கிழிந்தது. சூடாக்காதது ‘டக்’கென்று இரண்டானது. வெளியே பார்த்தபோது இரண்டு வெல்டிங்கும் ஒன்றுபோலவே இருந்தன.

அன்றிரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அவசர வேலை என்றால் முதலில் வெட்டப்படுவது அந்தச் சூடாக்கும் நேரம்தான்” என்றார்.

நாளைக்கு வேலை அட்டவணை போடப்போவது நம்மில் சிலர்தான். அந்த நேரத்தை வெட்டாமல் இருப்போமா?