தோள் வலி தொடங்கியது எந்த இரவு?

அமெரிக்காவில் ஒருவர் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறார். அன்று இரவே தோள் வலிக்கிறது. ஊசி போட்டால் வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறார். நான்கு மாதம் கழித்து, சட்டை மாட்டக்கூடக் கை எழாத நிலையில் டாக்டரிடம் போகிறார். டாக்டர் எழுதிக்கொள்கிறார்: 'சுமார் 3 மாதமாகத் தோள் வலி.' பேச்சுவாக்கில் வந்த அந்த வரியே பிறகு அவருடைய இழப்பீட்டு வழக்கைக் கவிழ்க்கப் பார்க்கும்.

தடுப்பூசி பாதிப்புக்கான இழப்பீட்டுத் திட்டம் அங்கே 1986 சட்டத்தின் கீழ் 1988 முதல் நடக்கிறது. பணம் தடுப்பூசி மீதான வரியிலிருந்து வருகிறது. விசாரிப்பவர்கள் சிறப்பு நடுவர்கள், ஜூரி கிடையாது.

எல்லாம் ஓர் அட்டவணையைச் சுற்றியே நடக்கிறது. அதில் குறித்த காலத்துக்குள் பாதிப்பு தொடங்கியிருந்தால், ஊசியே காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 2017இல் சேர்க்கப்பட்ட தோள் பாதிப்புக்கு 48 மணி நேரம். ஃப்ளூ ஊசிக்குப் பின் வரும் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய்க்கு 3 முதல் 42 நாள். அந்தக் காலம் தவறினாலும் வழக்கு நடத்தலாம். ஆனால் ஊசிதான் காரணம் என்பதை மருத்துவ நிபுணர்களை வைத்து மனுதாரரே நிறுவ வேண்டும். லேசான வேலை அல்ல.

மனுதாரர் வாய்மொழி மட்டும் போதாது என்கிறது சட்டம். சிகிச்சையின்போதே எழுதிய குறிப்புக்குத்தான் எடை அதிகம். வலியோடு வந்தவர் டாக்டரிடம் உள்ளதைத்தான் சொல்வார் என்பது நீதிமன்றத்தின் கணக்கு. என்னைக் கேட்டால் இது பாதி உண்மை. 'எத்தனை நாளா வலி?' என்று கேட்டால் நாள்காட்டி பார்த்தா பதில் சொல்கிறோம்?

சட்டத்துக்கும் இது தெரியும். தொடக்க நாள் குறிப்பில் இல்லாவிட்டாலும், தவறாகப் பதிந்திருந்தாலும், மற்ற சான்றுகளின்படி அட்டவணைக் காலத்துக்குள் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் நடுவர் அதை ஏற்கலாம். டாக்டர் குறிப்பில் இல்லை என்பதாலேயே வலி இல்லை என்று ஆகிவிடாது என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. மறுநாள் மனைவிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, உடன் வேலை பார்ப்பவரின் பிரமாணப் பத்திரம், பிசியோதெரபி படிவத்தில் 'ஊசி போட்டதிலிருந்து' என்று தன் கையால் எழுதிய இரண்டு சொல் எல்லாம் இங்கேதான் கைகொடுக்கும்.

வலி தொடங்கிய இதே தேதிக்கு இன்னொரு முனையும் உண்டு. மனு போட 3 ஆண்டுக் கெடு. அது முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. ஊசிதான் காரணம் என்று மனுதாரருக்குப் புரிந்த நாளிலிருந்து அல்ல.