மறைந்த விமானங்களுக்கு மறுவண்ணம்

உங்கள் இல்லத்து இரும்புப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய நிக்காஹ் அழைப்பிதழ்கள், காலாவதியான பாஸ்போர்ட்டுகள், நூலால் கட்டி வைத்த கடிதங்கள் ஆகியவற்றுக்கு இடையே ஒரு வண்ணப் புகைப்படம் இருக்கக்கூடும். சஃபாரி உடையணிந்து, தோல் மாதிரிகள் அடங்கிய பெட்டியுடன், விமானப் படிக்கட்டின் அருகே உங்கள் பாட்டனாரோ பெரிய தந்தையாரோ நின்றுகொண்டிருப்பார். அவருடைய முகத்தைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். அவருக்குப் பின்னால் நிற்கும் விமானத்தை என்றேனும் உற்று நோக்கியதுண்டா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் நமது தோல் தொழில் வட்டாரத்திலிருந்து வணிகம் நாடி ஐரோப்பாவுக்கும், பிழைப்பு நாடி வளைகுடாவுக்கும், புனிதக் கடமை நிறைவேற்ற மக்காவுக்கும் சென்றவர்கள் எண்ணற்றோர். பம்பாயிலிருந்து சென்ற ஹஜ் கப்பல் பயணம் 1995-ல் நின்றுபோன பின்னர் ஹாஜிகளுக்கு வானமே வழியாயிற்று. அவர்களைச் சுமந்து சென்ற பழைய ஜெட் விமானங்களில் மிகப் பல இன்று உருக்கப்பட்ட உலோகம். ஆயினும் அவை மீண்டும் பறந்துகொண்டிருக்கின்றன. வானில் அல்ல, கணிப்பொறித் திரையில்!

பாவனை விமானமும் அதன் சீருடையும்

விமானம் ஓட்டும் அனுபவத்தைத் தரையிலேயே தரும் கருவிக்கு ‘ஃபிளைட் சிமுலேட்டர்’ என்று பெயர். அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929-ல் இத்தகைய பயிற்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982-ல் வெளியிட்ட மென்பொருள், இக்கலையை வீட்டுக் கணிப்பொறிகளில் பரவலாக்க உதவியது. பின்னர் எக்ஸ்-பிளேன், விலையின்றிக் கிடைக்கும் ஃபிளைட்கியர் போன்றவையும் தோன்றின.

இம்மென்பொருள்களில் விமானத்தின் உருவத்தை ஒருவர் அமைப்பார். அதன்மேல் வண்ணத்தை வேறொருவர் தீட்டுவார். விமான நிறுவனம் தன் விமானங்களுக்கு இடும் வண்ணம், கோடுகள், எழுத்து, சின்னம் ஆகிய அனைத்தும் சேர்ந்த அலங்காரத்தை ‘லிவரி’ என்பர். சீருடை என்று நாம் சொல்லலாம். வழக்கொழிந்த சீருடைகளைத் தேடி ஆராய்ந்து, திரையில் பிழையின்றி மீட்டெடுப்பதே இக்கட்டுரை பேசும் கலை.

இதன் வேலைமுறை நம் ஊர்க்காரருக்கு எளிதில் விளங்கும். காலணியின் மேற்பகுதியைத் தைப்பதற்கு முன், அதன் பாகங்கள் தட்டையான தோலில் எவ்வாறு வெட்டப்படுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறே விமானத்தின் உடல், இறக்கை, வால் ஆகியவை திரையில் பிரித்து விரிக்கப்பட்டு, ஒரு சதுரப் படமாகக் கிடக்கும். அச்சதுரம் 1024 புள்ளிகள், 2048 புள்ளிகள், 4096 புள்ளிகள் என்று இருமடங்காக வளரும் அளவுகளில் அமையும். அதில் தீட்டியதை மென்பொருள் எடுத்து விமானத்தின்மீது போர்த்திவிடும். தட்டையில் நேராக இட்ட கோடு மூக்குப் பகுதியின் வளைவில் கோணிவிடும். எனவே வளைத்து வரைந்தால்தான் விமானத்தில் நேராகத் தெரியும். மேலும், அந்நாளைய ஜெட் விமானங்கள் பலவற்றின் அடிப்பாகம் பெயின்ட் பூசப்படாத பளபளக்கும் அலுமினியமாக இருந்தது. எவ்விடம் எவ்வளவு ஒளியை எதிரொளிக்க வேண்டும் என்பதையும் தனியே குறிக்க வேண்டும்.

வானத்து அரண்மனை

இந்திய விமானங்களுள் இக்கலைஞர்கள் விரும்பித் தீட்டுவது ஏர் இந்தியாவின் பழைய சீருடையாகும். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்ததில் தொடங்குகிறது அந்நிறுவனத்தின் வரலாறு. அதே தபால், மற்றொரு விமானியின் கையில், பெல்லாரி வழியாக நமது சென்னை வரை வந்து சேர்ந்தது. 1953-ல் நிறுவனம் நாட்டுடைமையாயிற்று. 1960-ல் போயிங் 707 என்னும் ஜெட் விமானம் அதில் சேர்ந்தது.

1971-ல் வந்த போயிங் 747 ஜம்போ விமானங்களே உச்சம். ஒவ்வொரு சன்னலையும் சுற்றி, முகலாய மாளிகையின் மாடச் சன்னலைப் போன்ற சிவப்பு வளைவு தீட்டப்பட்டது. ‘வானத்தில் உங்கள் அரண்மனை’ என்பது அன்றைய விளம்பர வாசகம். விமானங்களுக்கு அசோகர், ஷாஜஹான், அக்பர், ராஜேந்திர சோழன், மகேந்திர வர்மன் எனப் பேரரசர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. 1989-ல் சிவந்த வாலில் பொன்னிறச் சக்கரம் கொண்ட புதிய சீருடை அறிமுகமாயிற்று. அது நீடிக்கவில்லை, சில ஆண்டுகளிலேயே பழைய அலங்காரம் திரும்பி வந்தது. நிறுவனம் 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடம் சென்றது. 2023-ல் இன்னொரு புதுச் சீருடை அறிவிக்கப்பட்டது. வரிசை வரிசையான அந்தச் சிவப்பு வளைவுகளைப் பழைய படங்களில் காணலாம்.

சிவப்பு எந்தச் சிவப்பு?

இங்கேதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. 1970-களில் அச்சிட்ட வண்ணப் புகைப்படங்கள் பலவற்றில், நீலப்பச்சைச் சாயமே முதலில் மங்கும். அதனால் படம் முழுவதும் செம்மை ஏறிவிடும். சிவப்புக் கோட்டின் உண்மை நிறத்தை, சிவந்துபோன படத்திலிருந்து எவ்வாறு அறிவது?

ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையின் ஃபினிஷிங் பிரிவில் பணியாற்றும் எவரிடமும் இதைக் கேளுங்கள். ஷேடு பார்க்கும்போது மாதிரித் தோலையும் புதுத் தோலையும் குழல் விளக்கின் கீழ் மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யலாகாது, பகல் வெளிச்சத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பார். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் மற்றோர் ஒளியில் வேறாகிவிடும். ஈரத் தோலின் நிறம் ஒன்று, உலர்ந்தபின் நிறம் வேறொன்று. கண்ணை நம்பிக் கப்பலேற்றிய சரக்கு, ஷேடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தால் எத்தனை குடும்பங்களுக்கு நட்டம் என்பதை நம் வட்டாரத்தவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பழைய சீருடையை மீட்பவரும் இதே நெறியைத்தான் கைக்கொள்கிறார். படத்தில் வெண்மை என்று ஐயமின்றித் தெரிந்த ஒன்றை, ஒரு சட்டையையோ சுவரையோ முதலில் தேடுகிறார். அது வெண்மையாகும் வரை படத்தின் நிறத்தைத் திருத்துகிறார். பின்னரே கோட்டின் நிறத்தை அளவிடுகிறார். ஒரே படத்தோடு நில்லாமல், வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஒளியில் எடுத்த பல படங்களை ஒப்பிடுகிறார்.

நிறம் மட்டுமன்று, காலமும் பொருந்த வேண்டும். 1962-ல்தான் ‘இன்டர்நேஷனல்’ என்னும் சொல் ஏர் இந்தியாவின் பெயரிலிருந்து நீங்கிற்று. ஆதலால் 1960-ம் ஆண்டு விமானத்தைத் தீட்டுபவர், அன்று எப்பெயர் இருந்தது என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்றொன்றும் பாருங்கள்: ‘அசோகர்’ விமானம் 1978 ஜனவரி 1 அன்று பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. ‘கனிஷ்கர்’ விமானம் சேவைக்கு வந்ததோ அதே ஆண்டின் நடுப்பகுதியில். இவ்விரண்டையும் ஒரே விமான நிலையத்தில் அருகருகே நிறுத்திக் காட்டும் படம் எத்துணை அழகாயிருப்பினும் பொய்யே.

அமானிதம் என்னும் பொறுப்பு

‘விளையாட்டுத்தானே, சற்றுப் பிழை இருந்தால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். அசோகர் விமானத்தில் 213 பேர் இறந்தனர். 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அப்பால் குண்டு வெடித்துச் சிதறிய கனிஷ்கரில் 329 பேர் மாண்டனர். அவர்களுடைய உறவினர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அந்தப் பெயரைத் தாங்கிய விமானத்தைத் திரையில் கொண்டு வருபவர், விபத்தை வேடிக்கையாக்கவும் கூடாது. விவரத்தில் அலட்சியமாக இருக்கவும் கூடாது. அன்றியும், ஒருவர் ஊகித்து இட்ட நிறத்தை நூறு பேர் பிரதி எடுப்பர்; பத்தாண்டுகளில் ஊகமே வரலாறாகிவிடும். தெரியாத இடத்தில் ‘இது என் ஊகம்’ என்று எழுதி வைப்பவரே நேர்மையான கலைஞர். பிறர் தீட்டியதை அனுமதியின்றி எடுத்துத் தம் பெயரில் வெளியிடுவது களவு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வேட்கை தனி மனிதரோடு நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2019-ல் தன் நூற்றாண்டையொட்டி, ஒரு ஜம்போ விமானத்துக்கு பழைய பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் சீருடையை அணிவித்தது. நம் நாட்டிலும் விஸ்தாரா நிறுவனம் 2018-ல் ஒரு விமானத்துக்கு 1940-களின் டாட்டா ஏர்லைன்ஸ் வண்ணத்தைத் தீட்டி, ஜே.ஆர்.டி.யை நினைவுகூர்ந்தது.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளை கணிப்பொறியின் முன் அமர்ந்தாலே பெற்றோருக்குக் கவலை பிறக்கிறது. அக்கவலை நியாயமானதே. பாட வேளையையும் தொழுகை வேளையையும் உறக்கத்தையும் விழுங்கும் எதுவும் நன்மையன்று. ஆனால் ஓட்டி ஓட்டிப் பொழுதைக் கழிப்பது வேறு. ஆராய்ந்து உருவாக்குவது வேறு. சீருடை தீட்டும் இளைஞன் வரலாற்றைத் தேடுகிறான், வடிவக் கணிதத்தைக் கையாளுகிறான், நிறத்தின் இயல்பை அறிகிறான். படம் வரைவதற்கான ‘ஜிம்ப்’ என்னும் மென்பொருளும் இலவசமே. காலணி வடிவமைப்பிலும் தோல் வண்ணத்திலும் கணிப்பொறி புகுந்துவிட்ட இந்நாளில், இப்பயிற்சி நமது தொழிலுக்கே உதவக்கூடும். நேர வரம்பு வையுங்கள். என்ன செய்கிறான் என்று அருகிலமர்ந்து கேளுங்கள்.

அதோடு, மறவாமல் அந்த இரும்புப் பெட்டியையும் திறந்து கொடுங்கள். படங்களை ஒட்டும் பசையுள்ள ஆல்பத்திலிருந்து மெல்ல விடுவித்து, ஈரம் படாத காகித உறையில் வையுங்கள். பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் ஆண்டு, ஊர், பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். ஸ்கேன் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பயணச்சீட்டு, விமானத்தில் தந்த அஞ்சலட்டை ஆகியவற்றையும் குப்பையில் எறியாதீர்கள். எங்கோ ஒருவர் வருடக்கணக்காகத் தேடும் கோட்டின் நிறம், உங்கள் பாட்டனாரின் தோளுக்குப் பின்னால் இருக்கலாம்.

இன்னும் ஒன்று உண்டு. அந்த விமானத்தைத் தீட்டி முடித்ததும், வீட்டிலுள்ள முதியவரை அழைத்துத் திரையின் முன் அமர்த்துங்கள். சன்னலைச் சுற்றிய சிவப்பு வளைவுகளைக் கண்டதும் அவர் பேசத் தொடங்குவார்: முதற்பயணத்து அச்சம், ஜித்தாவில் இறங்கிய விடியல், வீட்டுக்கு எழுதாமல் மறைத்த துன்பம். இதுவரை கேட்டிராத அவ்வரலாற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். விமானத்தை மீட்கப் பலர் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தின் வரலாற்றை மீட்க உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?