விளம்பரத்தில் ஒரு வரி

நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் 'ஆட்கள் தேவை' விளம்பரங்களை எழுதி ஒட்டுவது, பணி ஓய்வுக்குப் பின் நான் விரும்பி ஏற்றுக்கொண்ட வேலை. சென்ற மாதம் வாஷி மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் நண்பருக்காக இப்படி எழுதினேன்: "கணக்கர் தேவை. பி.காம். படித்து, டாலி தெரிந்திருக்க வேண்டும். நல்ல உடற்கட்டும் சுறுசுறுப்பும் உடையவராக, டூ வீலர் ஓட்டத் தெரிந்தவராக இருத்தல் அவசியம்."

அடுத்த ஞாயிறன்று எங்கள் பில்டிங்கில் வசிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். பி.காம். பட்டதாரி. சிறு வயதில் போலியோ தாக்கியதால் காலிபர் அணிந்து நடப்பவள். தினமும் ஹார்பர் லைன் வண்டியில் ஃபோர்ட் வரை வேலைக்குப் போய் வருகிறாள்.

"மாமா, வீட்டுக்குப் பக்கத்துலயே வேலைன்னு ஆசையாப் படிச்சேன். கடைசி வரியைப் பார்த்துட்டுத் திரும்பி வந்துட்டேன். கணக்கு எழுத டூ வீலர் எதுக்கு?"

"மாசத்துக்கு ரெண்டு தடவை பேங்க்குக்குப் போகணுமேம்மா."

"அதுக்கு ஆட்டோ கிடையாதா மாமா?"

என்னிடம் பதில் இல்லை. நண்பர் கேட்டது பி.காம்., டாலி இரண்டு மட்டுமே. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு!

ஒரு வரி என்ன செய்துவிடும் என்று நினைக்கிறோம். 2014ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி பதவிக்கு வந்த அறிவிப்பில், பகுதிப் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பவர்களே அந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 70 சதவீதக் குறைபாடு உள்ள ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும் என்றது. 2021இல் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, புதிய சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்றது. 2025 மார்ச் மாதத்தில், பார்வையற்றோர் என்பதற்காக நீதித்துறைப் பணியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. ஒரு வரி மாற எத்தனை ஆண்டுகள், பார்த்தீர்களா?

அந்தப் புதிய சட்டம், 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு தந்தது. இது 4 சதவீதம் ஆக்கியது. தனியார் நிறுவனங்களையும் இது விட்டுவிடவில்லை. எல்லா நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், மாற்றுத் திறனாளிகளுக்கு உகந்த பணிகள் எவை, என்னென்ன வசதிகள் உண்டு என்பதையும் அதில் சொல்ல வேண்டும்.

அதற்காக டிரைவர் வேலைக்கு லைசென்ஸ் கேட்கக் கூடாது என்பதல்ல. வண்டி ஓட்டுவதே அந்த வேலை. நம்மில் கடை, கம்பெனி நடத்துபவர்கள் பலர். விளம்பரம் எழுதும்போது உடம்பை வர்ணிக்காமல் வேலையை வர்ணியுங்கள். "திடகாத்திரமான", "குறைபாடு இல்லாத" என்ற சொற்களை அடித்துவிடுங்கள். "மாற்றுத் திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம்; நேர்முகத்துக்கு உதவி தேவையானால் தெரிவிக்கவும்" என்று சேருங்கள். அலுவலகம் எந்த மாடியில், லிஃப்ட் உண்டா என்பதையும் எழுதினால் வருபவருக்கு அலைச்சல் மிச்சம்.

நான் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினேன். அந்தப் பெண்ணும் விண்ணப்பித்திருக்கிறாள். வேலை கிடைக்குமா என்பது அவள் திறமையையும் மற்றவர்கள் திறமையையும் பொறுத்தது. நண்பரின் கணக்கு அறை மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது.

"மேஜையைக் கீழே போட்டால் போச்சு சார், கம்ப்யூட்டர் எங்கே இருந்தால் என்ன?" என்றார் நண்பர்.

இது எனக்கு முன்பே தோன்றாமல் போயிற்றே!